பாதுகாப்பு ஓட்டைக்காக லைப்ரரியை ஏற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் கடைகளுக்கு பில்லிங், ஆஸ்பத்திரிக்கு டோக்கன், அம்பாசமுத்திரம் பக்கத்து ரைஸ்மில்லுக்கு ஸ்டாக் கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதையே வருஷக்கணக்கில் பராமரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் சேர்த்துக்கொண்ட, வேறு யாரோ எழுதிய லைப்ரரியில் ஓட்டை இருக்கிறது என்று எச்சரிக்கை வரும், லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு ஏற்றுவோம், ஏற்றியதும் வேறு ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும், கடை அண்ணாச்சி போன் போட்டு "என்ன தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சி" என்பார். எந்த மொழியில் எழுதிய சாஃப்ட்வேராக இருந்தாலும் திரும்பத் திரும்ப அதே சில கோளாறுகள்தான் வருகின்றன. பாடம் நடத்தப்போவதில்லை. உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

போவதற்கு முன்னால் ஒன்று. ஓட்டையை அடைக்கிற அன்றைக்கு அதை மட்டும் அடையுங்கள். எச்சரிக்கையிலேயே எந்த வெர்ஷனில் சரிசெய்தார்கள் என்ற எண் இருக்கும், சில சமயம் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். உங்களிடம் இப்போது இருக்கிற மேஜர் வெர்ஷனுக்குள்ளேயே (எண்ணில் முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பது மாறாமல்) ஒன்று கிடைத்தால் அதுதான் இலக்கு, அதற்கு மேலே ஏறாதீர்கள். கையோடு எல்லாவற்றையும் புதுசாக்கிவிடலாம் என்று கிளம்பினால், எது உடைத்தது என்று தேடி முடிப்பதற்குள் அடுத்த ஆனித் தேரோட்டம் வந்துவிடும். டேட்டாபேஸ் பேக்கப், எந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் இறங்கியது என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலையும் சேர்த்து கிட்டில் ஒரு கமிட், பழைய பில்டை அழிக்காமல் ஓரமாக ஒரு காப்பி, இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்துகிற நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கடையிலேயே சர்வர் வைத்திருக்கிற இடங்களில் பாதி வேலையில் கரண்ட் போனால் அது தனிக் கதை.

எப்போது ஏற்றுவது என்று கேட்பார்கள். ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி நேரத்திலும் அல்வாக்கடைக்குத் தீபாவளி வாரத்திலும் கை வைக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் சர்வர் இணையத்தில் திறந்து கிடந்து, ஓட்டையை ஆட்கள் ஏற்கனவே பயன்படுத்திக்கொண்டிருந்தால் தீபாவளியாவது பொங்கலாவது, அன்றைக்கே செய்துவிட வேண்டும். 2017-ல் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் விவகாரத்தில், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது. உள்ளே புகுந்து அள்ளியது மே மாதத்திலிருந்துதான்.

## எச்சரிக்கையில் இருக்கும் பெயரை நீங்கள் சேர்த்ததே இல்லை

நீங்கள் சேர்த்த லைப்ரரி தன்னோடு கூட்டிவந்த லைப்ரரியாக இருக்கும். யார் கூட்டிவந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நோடில் (ஜாவாஸ்கிரிப்ட்) லைப்ரரிகளை இறக்கும் கருவி என்பிஎம், அதில் என்பிஎம் எல்எஸ் என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் கிளை கிளையாகக் காட்டும், என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன் இன்னும் விளக்கமாகச் சொல்லும். பைத்தானில் பிப் ஷோ கொடுத்து ரிக்வயர்ட்-பை என்ற வரியைப் பாருங்கள். ஜாவாவில் மேவன் டிபென்டென்சி ட்ரீ, பிஎச்பியில் கம்போசர் ஒய்.

கூட்டிவந்த லைப்ரரியை அதே மேஜர் வெர்ஷனுக்குள் ஏற்றினாலே பல நேரம் உள்ளே இருப்பதும் சேர்ந்து ஏறிவிடும். அப்படி ஏறவில்லை, கூட்டிவந்தவர் இன்னும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் நீங்களே மேலிருந்து திணிக்கலாம். என்பிஎம் 8.3-லிருந்து பேக்கேஜ் ஜேசனில் ஓவர்ரைட்ஸ் என்ற பகுதி உண்டு. யார்னில் ரெசல்யூஷன்ஸ், மேவனில் டிபென்டென்சி மேனேஜ்மென்ட். ஸ்பிரிங் பூட் வைத்திருந்தால் பல லைப்ரரிகளுக்கு வெர்ஷன் ப்ராப்பர்ட்டி ஒன்றை மாற்றினாலே போதும், மொத்த பூட்டையும் நகர்த்த வேண்டியதில்லை. திணித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, குறைந்தது கமிட் செய்தியிலாவது, எந்த ஓட்டைக்காக, எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்த வரி ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல், எடுக்கவும் பயந்து, அதுவே அடுத்த கோளாறுக்குக் காரணமாகும்.

அந்த லைப்ரரி பில்ட் செய்யும்போது மட்டும் வருகிறதா, ஓடும்போதும் வருகிறதா என்றும் பாருங்கள். என்பிஎம் ஆடிட்டில் ஒமிட் டெவ் என்று கொடுத்தால் சர்வருக்குப் போகாதவை கழிந்துவிடும், பயமுறுத்துகிற பட்டியல் பாதியாகச் சுருங்குவதைப் பார்க்கலாம். கழிந்தவற்றை மறந்துவிடச் சொல்லவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறேன்.

## ஏற்றியாகிவிட்டது, ஸ்கேனர் இன்னும் சிவப்பு

ஸ்கேனர் என்பது ஓட்டை உள்ள லைப்ரரி கிடக்கிறதா என்று தேடும் கருவி. அதிகமாக வருவது இதுதான். கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள், முதல் மூன்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

லாக் ஃபைல் மாறியதா? பேக்கேஜ் ஜேசனில் எண்ணை மாற்றிவிட்டு லாக் ஃபைலைக் கமிட் பண்ணாமல் விடுவது சர்வசாதாரணம். அல்லது ஜேசனில் இருக்கிற எண்ணுக்கு முன்னால் தொப்பிக்குறி (^) போட்டிருப்பதால் புது வெர்ஷனை அது ஏற்கனவே அனுமதிக்கும், ஆனால் லாக் ஃபைல் பழசையே பிடித்திருக்கும், என்பிஎம் சிஐ அந்த லாக் ஃபைலில் இருப்பதைத்தான் இறக்கும். பைத்தானில் இதே கோளாறு வேறு வேஷத்தில் வரும்: பிப் இன்ஸ்டால் என்று மட்டும் அடித்தால், ஏற்கனவே இருக்கிறது என்று ஒரு வரி காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அப்கிரேட் என்று கூடச் சொன்னால்தான் ஏற்றும், அல்லது ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

சரியான இடத்தில் ஏற்றினீர்களா? ஒரே மெஷினில் இரண்டு பைத்தான், மூன்று வெர்ச்சுவல் என்விரான்மென்ட் கிடக்கும். பிப் ஒன்றைத் தொடும், ஆப் இன்னொன்றில் ஓடும். பிப் என்று நேரடியாக அடிக்காமல், ஆப் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதன் முழுப் பாதையையும் கொடுத்து, மைனஸ் எம் பிப் என்று அடிக்கிற பழக்கம் வந்தால் இந்தத் தலைவலி போய்விடும். சந்தேகம் இருந்தால் ஆப்புக்குள்ளேயே ஒரு வரி எழுதி லைப்ரரியின் வெர்ஷனையும் அது எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்பதையும் ஆப் ஓடும்போது எழுதும் பதிவில் (இதையும் லாக் என்பார்கள், மேலே சொன்ன லாக் ஃபைல் வேறு) எழுத வையுங்கள். நான் நம்புவது அந்த வரியைத்தான், ஸ்கேனரை அதற்குப் பிறகுதான்.

டாக்கர் பழைய இமேஜையே (ஆப்பையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) தூக்குகிறதா? கம்போஸ் அப் என்று மட்டும் கொடுத்தால் ஏற்கனவே இருக்கும் இமேஜைத்தான் எழுப்பும், பில்ட் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியும் பழைய லேயரை கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்கு நோ கேஷ். ஓட்டை பேஸ் இமேஜில் இருக்கும் சிஸ்டம் லைப்ரரியில் என்றால் புல் என்றும் கொடுத்துப் புது பேஸை இறக்கினால்தான் தீரும். இங்கே ஊர்ப்பக்கத்து இணைய வேகத்தில் எல்லாவற்றையும் மறுபடி இறக்க நேரமாகும், கடை திறப்பதற்கு அரைமணி முன்னால் இதைத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது காப்பி எங்கேயாவது கிடக்கிறதா? 2021 டிசம்பரில், ஜாவாவில் பதிவு எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜேயில் ஓட்டை வந்தபோது பலரையும் அலைய விட்டது இதுதான். ஜாவா ஆப்பைக் கட்டிய வார் ஃபைலுக்குள் லைப்ரரியைக் கட்டிய ஜார், அந்த ஜாருக்குள் இன்னொரு ஜார், அதற்குள் லாக்ஃபோர்ஜே கோர். வெளியே இருப்பதை மாற்றிவிட்டு முடிந்தது என்று உட்கார்ந்தால் உள்ளே பழசு அப்படியே இருக்கும். ஃபைல் பெயரை மட்டும் பார்க்காமல் ஜாரின் உள்ளே திறந்து தேடும் ஸ்கேனர் வேண்டும், ட்ரிவி மாதிரியான இலவசக் கருவிகள் போதும். அதே சமயம், ஏபிஐ ஜார் மட்டும் இருந்து கோர் ஜார் இல்லையென்றால் அந்த ஓட்டை அங்கே இல்லை, பெயரைப் பார்த்து மட்டும் அலறுகிற ஸ்கேனரும் உண்டு.

பழைய பிஎச்பி சாஃப்ட்வேரில் ஜேக்வெரியைக் கையால் காப்பி பண்ணி ஃபோல்டருக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருப்பார்கள். அட்மினுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று, யாரோ ஒருவர் பேக்கப் என்று பெயர் வைத்து வெப் ஃபோல்டருக்குள்ளேயே விட்டுப்போனது ஒன்று. பேக்கேஜ் மேனேஜருக்கு இவை இருப்பதே தெரியாது. சர்வர் முழுக்கப் பெயர் போட்டுத் தேடி, ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியில் இருக்கும் வெர்ஷனைப் படியுங்கள்.

நீங்கள் ஏற்றிய வெர்ஷனிலேயே இன்னொரு ஓட்டை இருக்கிறதா? எச்சரிக்கையில் இருக்கும் சிவிஇ எண்ணைப் (ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கும் அடையாள எண்) பழையதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். லாக்ஃபோர்ஜேயில் முதல் ஓட்டைக்கு 2.15.0 வந்தது, அது முழுசாக அடைக்கவில்லை என்று 2.16.0, அதிலும் ஒன்று கண்டுபிடித்து 2.17.0, அப்புறம் 2.17.1, எல்லாமே ஒரே டிசம்பரில். முதல் நாளே ஏற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தவர்கள் எல்லாம் மறுபடி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

இவை எதுவுமே இல்லையென்றால், உபுண்டு, டெபியன், ரெட்ஹேட் போன்றவை செய்கிற பேக்போர்ட்டாக இருக்கலாம். அவர்கள் பழைய வெர்ஷன் எண்ணையே வைத்துக்கொண்டு ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் கத்தும், உண்மையில் ஓட்டை அடைபட்டிருக்கும். அந்த விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் சிவிஇ எண்ணைக் கொடுத்துத் தேடினால் எந்தப் பேக்கேஜில் சரிசெய்தார்கள் என்று இருக்கும். கல்லூரியோ ஆஸ்பத்திரியோ ஆடிட் அறிக்கை கேட்டு, ஆடிட்டரும் "சிவப்பு இருக்கக் கூடாது" என்றே நின்றால், அந்தப் பக்கத்தை ஆதாரமாகக் கொடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் உங்களுக்குள் மல்லுக்கட்டாமல், அங்கே சிஸ்டம் நிர்வாகம் பார்ப்பவரை நடுவில் உட்கார வைத்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு, அதுதான் ஆபத்து: ஸ்கேனர் பச்சை, ஓடுவதோ பழசு. ஸ்கேனர் டிஸ்க்கில் இருக்கிற ஃபைலைப் பார்க்கிறது, ப்ராசஸ் மெமரியில் இருக்கிறதை ஓட்டுகிறது. ரீஸ்டார்ட் பண்ணாமல் விட்டால் மாதக்கணக்கில் அப்படியே ஓடும். இணைப்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மாதிரி சிஸ்டம் லைப்ரரி என்றால் அதைப் பிடித்திருக்கிற எல்லா சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எது எது பாக்கி என்று பட்டியல் போடும்.

## இன்ஸ்டாலே ஆகமாட்டேன் என்கிறது

முதலில் நெட்டைப் பாருங்கள், சிரிக்காதீர்கள். கல்லூரி நெட்வொர்க்குகளில் ப்ராக்ஸி நடுவில் நின்று பாதி இறக்கத்தில் அறுத்துவிடும், பிழைச்செய்தியோ சர்டிஃபிகேட் பற்றிப் பேசும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒருமுறை முயன்றால் தெரிந்துவிடும்.

நெட் சரியாக இருந்தும் ஈரிசால்வ் என்று என்பிஎம் கத்தினால், நீங்கள் ஏற்றியதை இன்னொரு லைப்ரரி ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்தச் செய்தியைப் பொறுமையாகப் படித்தால் எது எந்த எண்ணைக் கேட்கிறது என்று அதிலேயே இருக்கும். ஃபோர்ஸ் போடச் சொல்லி அதுவே ஆலோசனையும் சொல்லும், கேட்காதீர்கள். என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸில் ஃபோர்ஸ் சேர்த்தால் மேஜர் வெர்ஷனைக்கூடத் தாண்டி ஏற்றிவிடும், சில நேரம் பின்னாலும் இறக்கிவிடும். அடைக்கப் போனது ஒரு ஓட்டை, திரும்பிப் பார்த்தால் லாக் ஃபைலில் பாதி மாறியிருக்கும்.

அடுத்து, நான் மேலே சொன்ன, அதே மேஜர் வெர்ஷனுக்குள் இருக்கும் எண் இங்கேதான் காப்பாற்றும். பைத்தானில் ஃப்ளாஸ்க் தனக்கு அடியில் வைத்திருக்கும் வெர்க்சூக் லைப்ரரியில் 2023-ல் வந்த சிவிஇ-2023-46136 ஓட்டைக்கு 3.0.1-லும் திருத்தம் இருந்தது, 2.3.8-லும் இருந்தது. பழைய ஃப்ளாஸ்க் 2.2 வைத்திருப்பவர்கள் 3-க்குத் தாவினால் ஆப் எழும்பாமலே போகலாம், 2.3.8-க்குப் போனால் சில எச்சரிக்கை வரிகளோடு ஓடும். லாக்ஃபோர்ஜேயிலும் ஜாவா 8-க்கு 2.17.1 கொடுத்தவர்கள் ஜாவா 7-க்கு 2.12.4, ஜாவா 6-க்கு 2.3.2 என்று தனித்தனியாக வெளியிட்டார்கள். அப்படி உங்கள் பழைய வரிசைக்கும் ஏதாவது வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் ஜாவாவையே ஏற்றக் கிளம்பாதீர்கள்.

எதுவும் இல்லை, பைத்தானோ பிஎச்பியோ நோடோ பழசு என்பதுதான் காரணம் என்றால் செலவு ஆரம்பம். அதிலும் டவுன் ரதவீதிக் கடைகளில் கவுன்ட்டரில் விண்டோஸ் 7 மெஷின் இன்னும் உட்கார்ந்திருக்கும், பைத்தான் 3.9 அதில் ஏறாது, நோட் 14-உம் ஏறாது. பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடே முடிந்துவிட்டது. இதை சாஃப்ட்வேரில் தீர்க்க முடியாது. அண்ணாச்சியிடம் மெஷின் மாற்ற வேண்டும் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள், "இன்னும் ஒரு வருசம் ஓட்டுவோம்வே" என்றால் அந்த மெஷினை இணையத்திலிருந்து கழற்றி, கடைக்குள் மட்டும் பேசுகிற மாதிரி வைத்துவிட்டு, அதை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

## இன்ஸ்டால் ஆனது, ஆப் எழும்பவில்லை

கடை ஓடிக்கொண்டிருக்கிற நேரமா? அப்படியானால் முதலில் பழைய பில்டுக்குத் திரும்புங்கள், ஆராய்ச்சி அப்புறம். ஆனால் திரும்பும்போது ஓட்டையும் திரும்பி வருகிறது என்பதால் வெளியிலிருந்து வரும் வழியை அதுவரை ஃபயர்வாலில் சுருக்கி வையுங்கள்.

பிறகு ஆப் எழுதிய பதிவைப் (லாக்) படியுங்கள். பைத்தானில் கடைசி வரி, ஜாவாவில் கடைசியாக வரும் 'காஸ்டு பை'. பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபங்ஷனோ பெயரோ புது வெர்ஷனில் இல்லை என்றுதான் இருக்கும். நல்ல உதாரணம் பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைப் படிக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் ஓட்டை வந்து உலகமே பிரவுசரை அப்டேட் பண்ணிக்கொண்டிருந்தபோது, பில்லோவிலும் 10.0.1-ல் திருத்தம் வந்தது. 9-ல் இருந்தவர்கள் 10-க்கு ஏறியதும், இமேஜில் ஆன்டிஏலியாஸ் என்று ஒன்று இல்லை என்று ஆப் விழுந்தது. 10-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். லான்க்சோஸ் என்று மாற்றினால் போதும், அது பழைய வெர்ஷன்களிலும் வேலை செய்யும். எழுத்தின் அகலம் பார்க்கிற கெட்சைஸ், டெக்ஸ்ட்சைஸ் இரண்டையும் அதே 10-ல்தான் எடுத்தார்கள், டோக்கன் பிரின்ட் பண்ணும் ஆப்புகளில் எல்லாம் இது இருக்கும். பெயர் மாற்றமோடு முடிகிற வேலையை நீங்களே செய்யலாம்.

ஜாவாவில் நோ சச் மெத்தட் எரர் வந்தால் கோடைத் தோண்டாதீர்கள், பெரும்பாலும் ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் கிளாஸ்பாத்தில் (ஜாவா லைப்ரரிகளைத் தேடும் இடம்) கிடக்கும், டிபென்டென்சி ட்ரீயில் தேடி ஒன்றை விலக்குங்கள். ஜாவாக்ஸ் என்று ஆரம்பிக்கும் பெயர்கள் எல்லாம் காணோம் என்றால் ஸ்பிரிங் பூட் 3 பக்கம் தாவியிருக்கிறீர்கள். அங்கே எல்லாம் ஜக்கார்த்தா, ஜாவாவும் 17 வேண்டும். ஓட்டை அடைக்கிற வேலை அங்கே முடிந்து மைக்ரேஷன் வேலை தொடங்குகிறது. அதைத் தனி வேலையாக, தனிக் கூலியாகப் பேசுங்கள், ஸ்பிரிங் தெரிந்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எல்லாம் ஓடுகிறது, ஒரு மூலையில் மட்டும் கோணல்

கண்டுபிடிக்க அதிக நேரம் எடுப்பது இது, ஏனென்றால் லாக்கில் ஒன்றும் இருக்காது.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தமிழ் எழுத்து. டோக்கனிலோ பில்லிலோ கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று வருகிறதா? கோவிந்தன் என்ற பெயரில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறதா? ஃபான்ட்டை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பில்லோ தமிழைச் சரியாகக் கோக்க ராக்கம் என்ற லேஅவுட் இன்ஜின் வேண்டும், அதற்கு ஃப்ரிபிடி என்ற சிஸ்டம் லைப்ரரி வேண்டும். லைப்ரரியை ஏற்றும்போது பேஸ் இமேஜையும் சின்னதாக மாற்றியிருப்பீர்கள், அதில் ஃப்ரிபிடி இருக்காது, பில்லோ சத்தம் போடாமல் சாதாரண லேஅவுட்டுக்கு இறங்கிவிடும். ஃபீச்சர்ஸ் செக் என்ற ஃபங்ஷனில் ராக்கம் என்று கேளுங்கள், பொய் என்று பதில் வந்தால் ஃப்ரிபிடியை இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்க்ரீனில் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன என்றால் ஜேக்வெரி. 2020 ஏப்ரலில் ஸ்கிரிப்ட் புகுத்தும் ஓட்டைக்காக 3.5.0 வந்தபோது, டிவ் மாதிரி டேகை ஒற்றை டேகாகவே மூடி எழுதினால் அதைத் தானாக விரித்துக்கொடுக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். ஓட்டையே அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. எச்டிஎம்எல் சேர்க்கிற இடங்களில் ஒற்றை டேகைத் தேடி முழுசாக மூடுங்கள். 1-லிருந்து நேராக 3-க்கு வருகிறவர்கள் மைக்ரேட் ப்ளகினைச் சேர்த்து ஓட்டினால், எங்கெல்லாம் பழைய ஃபங்ஷன் இருக்கிறது என்று பிரவுசர் கன்சோலில் வரிசையாகச் சொல்லும், சரிசெய்தபின் ப்ளகினை எடுத்துவிடலாம்.

எஸ்எம்எஸ்ஸோ பேமென்ட்டோ மட்டும் போகவில்லை என்றால் ஓபன்எஸ்எஸ்எல் 3. நடுவில் பாதுகாப்பு இணைப்பைப் பழைய முறையில் மறுபடி பேசி அமைக்கும் சர்வர்களோடு அது பேசாது, பிழைச்செய்தியில் லெகசி ரீநெகோஷியேஷன் என்று இருக்கும். இணையத்தில் தேடினால் சர்டிஃபிகேட் சரிபார்ப்பையே நிறுத்தச் சொல்லும் ஆலோசனைதான் முதலில் வரும். அது ஒரு ஓட்டையை அடைத்து வாசலைத் திறந்துவைக்கும் வேலை. கேட்வே கொடுத்தவருக்கு எழுதிப் புது முகவரி கேளுங்கள், பல பேரிடம் இருக்கும், நாம் கேட்பதில்லை.

## சரிசெய்த வெர்ஷனே கிடையாது என்கிறது

உண்மையிலேயே கிடையாதா, வேறு இடத்தில் இருக்கிறதா? எக்செல் ஏற்றுமதிக்கு எல்லோரும் வைத்திருக்கும் ஷீட்ஜேஎஸ்ஸில் என்பிஎம் கிடங்கில் இருப்பது 0.18.5 மட்டும், அதனால் ஆடிட் கையை விரித்துவிடும். திருத்திய 0.19.3-உம் அடுத்த ஓட்டைக்கான 0.20.2-உம் அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்துதான் இறங்கும். 0.19.3-ல் அடைத்த ஓட்டை வெளியிலிருந்து வரும் ஃபைலைப் படிக்கும்போது வருவது, நீங்கள் எக்செல் எழுத மட்டும் பயன்படுத்தினால் அது உங்களைத் தொடாது. எச்சரிக்கையை முழுசாகப் படித்தால்தான் இதெல்லாம் தெரியும்.

கைவிடப்பட்ட லைப்ரரி என்றால் யாராவது எடுத்து நடத்துகிறார்களா என்று பாருங்கள். லாக்ஃபோர்ஜே 1 வரிசை 2015-லேயே முடிந்தது, ஆனால் அதன் இடத்தில் அப்படியே பொருந்துகிற ரீலோட்ஃபோர்ஜே இருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், ஓட்டை இருக்கும் வசதியை எடுத்துவிட முடியுமா என்று அண்ணாச்சியிடம் கேளுங்கள். யாருமே பயன்படுத்தாத அப்லோட் பட்டன் ஒன்றுக்காகத்தான் அந்த லைப்ரரியே உட்கார்ந்திருக்கும். அதுவும் முடியாதென்றால் மாற்று லைப்ரரி. கோடைப் பிரித்து நீங்களே பேட்ச் போடுவது கடைசி, கிரிப்டோ, லாகின், எக்ஸ்எம்எல் சம்பந்தப்பட்ட லைப்ரரி என்றால் அது கடைசிகூட இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள்.

## புது வெர்ஷனே சந்தேகமாக இருக்கிறது

இறங்கிய உடனே தெரியாத முகவரிக்குப் பேசுகிறது, இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் புதிதாக முளைத்திருக்கிறது, வெளியிட்டவர் பெயர் மாறியிருக்கிறது என்றால் நிறுத்துங்கள். 2024 மார்ச்சில், ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் புது வெர்ஷன்களான 5.6.0, 5.6.1 இரண்டிலும்தான் பின்வாசல் வைத்திருந்தார்கள், பழசுக்கு இறங்கியதுதான் தீர்வாக இருந்தது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற என்பிஎம் பேக்கேஜ்களிலும் அப்படிக் கெட்ட வெர்ஷன்களை ஏற்றினார்கள். ஆகவே ஓட்டைக்குச் சம்பந்தமில்லாத சாதாரண வெளியீடுகளைச் சில நாள் ஆறவிட்டு ஏற்றுவது என் வழக்கம். அப்படி ஒன்று ஏற்கனவே இறங்கி ஓடியும் விட்டதென்றால் எடுத்துப்போட்டால் மட்டும் போதாது. அந்த மெஷினில் இருந்த பாஸ்வேர்ட், டோக்கன், எஸ்எஸ்எச் சாவி அத்தனையையும் வேறு மெஷினிலிருந்து மாற்றுங்கள்.

## ஆள் ஏற்கனவே உள்ளே வந்துபோன தடயம்

சர்வரின் பதிவு லாக்கில் தாக்குதல் வரி கிடந்தால் யாரோ கதவைத் தட்டினார்கள் என்றுதான் பொருள், இணையத்தில் இருக்கும் எல்லா சர்வரையும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் உருவாக்காத அட்மின் யூசர், அப்லோட் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஃபைல், குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் கிரானில் தெரியாத வரி, ராத்திரி முழுக்க சிபியு நூறு சதவீதம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வந்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் லைப்ரரியை ஏற்றாதீர்கள், ஃபார்மேட்டும் பண்ணாதீர்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், மெஷினை ஆஃப் பண்ண வேண்டாம், மெமரியில் இருக்கிற தடயம் போய்விடும். இதற்குமேல் உங்கள் வேலை இல்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே முதலாளியிடம் உடனே சொல்லுங்கள், காலையில் சொல்லிக்கலாம் என்று தூங்கப்போகாதீர்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துவிட்டு சைபர் க்ரைம் போலீஸுக்கும் போக வேண்டும். ஆராய்வதற்கு செர்ட்-இன் அங்கீகரித்த ஆடிட்டர்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது.

வருகிறவர் கையில் கொடுக்க, எந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் எந்தத் தேதி வரை ஓடியது, லாக் ஃபைல் இருக்கும் கமிட், கடைசி பேக்கப் எப்போது எடுத்தது, சர்வர் பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கிறது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். புது சர்வரை அவர் எழுப்பச் சொன்ன பிறகு, திருத்திய வெர்ஷனை ஏற்றி முடித்துவிட்டு, அதற்கப்புறம் கேபிளைச் சொருகுங்கள்.